பனி காத்த கல், வண்டல் விழுங்கும் கல்

விண்கல் விழுவதற்கு இடம் பார்ப்பதில்லை. தென்துருவப் பனியிலும் விழும், தஞ்சை நஞ்சையிலும் விழும். ஆனால் விழுந்த கல் மனிதர் கைக்கு வந்து சேருமா என்பதை அது விழுந்த நிலமே தீர்மானிக்கிறது. உலகில் இதுவரை சேகரித்துப் பதிவு செய்யப்பட்ட விண்கற்களில் பாதிக்கும் மேற்பட்டவை அண்டார்க்டிகாவில் கிடைத்தவை.

அங்கே முதல் விண்கல் 1912 டிசம்பரில் அகப்பட்டது. டக்ளஸ் மாசன் தலைமையிலான ஆஸ்திரேலியப் பயணக்குழுவினர், அடேலி நிலத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள கல்லைக் கண்டெடுத்தனர். 1969இல் யமாட்டோ மலையருகே பனியை ஆராயப் போன ஜப்பானியர்களுக்கு, ஒரு சிறு பரப்பில் ஒன்பது கற்கள் கிடைத்தன. அவை வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை. ஒரே கல் உடைந்து சிதறியவையாக இருக்க முடியாது. வெவ்வேறு காலங்களில் விழுந்த கற்களைப் பனியே ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது என்பது அப்போது தெரியவந்தது.

பனி கல்லைச் சேர்க்கும் விதம்

கண்டத்தின் உட்பகுதியில் விழும் கல் பனியில் புதைகிறது. பனி இறுகிப் பாளமாகி, கல்லையும் சுமந்துகொண்டு கடலை நோக்கி மெல்ல நகர்கிறது. வழியில் மலைத்தொடர் குறுக்கிட்டால் அந்த நகர்வு தடைபடும். அங்கே ஓயாமல் வீசும் வறண்ட காற்று, பனியை நீராக உருக்காமல் நேரே ஆவியாக்கி, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் தேய்க்கிறது. பனி போய்விட, கல் மேலே தங்குகிறது. இப்படி உருவாகும் நீலப் பனிவெளிகளில்தான் தேடல் நடக்கிறது.

அமெரிக்காவின் தேடல் திட்டத்தை 1976இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் காசிடி தொடங்கினார். தென்துருவக் கோடையான டிசம்பர், ஜனவரி மாதங்களில் குழுவினர் கூடாரமடித்துத் தங்குவர். பனிவண்டிகளில் இடைவெளி விட்டு வரிசையாகச் சென்று, பனிமேல் தெரியும் கருங்கற்களைத் தேடுவர். கிடைத்த கல்லை வெறுங்கையால் தொடமாட்டார்கள். எண்ணிட்டு, இடத்தைக் குறித்து, சுத்தமான பையில் இட்டு, உறைநிலையிலேயே ஹூஸ்டனில் உள்ள நாசா ஆய்வகத்துக்கு அனுப்புவர். இதுவரை 20,000க்கும் மேற்பட்ட கற்கள் இப்படிச் சேர்ந்துள்ளன. நிலவிலிருந்து வந்தது என முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட விண்கல், ஆலன் ஹில்ஸ் பகுதியில் 1982 ஜனவரியில் கிடைத்தது. உயிரின் தடயம் உண்டா என்று 1996இல் உலகம் முழுவதும் விவாதிக்கப்பட்ட செவ்வாய்க் கல், அதே பகுதியில் 1984இல் எடுக்கப்பட்டது.

இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. மைத்ரி ஆய்வு நிலையப் பகுதியின் பனியை உருக்கி வடிகட்டி, கண்ணுக்குப் புலப்படாத நுண்விண்கற்களைக் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவன விஞ்ஞானிகள் பிரித்தெடுத்து ஆராய்ந்துள்ளனர்.

தமிழ் மண்ணில் விழுந்தவை

தமிழகத்திலும் கற்கள் விழுந்திருக்கின்றன. 1857 பிப்ரவரி 28 அன்று அன்றைய மதுரை மாவட்டத்தில் விழுந்த இரு கற்கள், 'பர்னாலி' என்ற பெயரில் உலகப் பட்டியலில் உள்ளன. மொத்த எடை 77 கிலோவுக்கும் மேல். 1898இல் கொடைக்கானலில் ஓர் இரும்பு விண்கல் கண்டெடுக்கப்பட்டது. 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்த துண்டுகள் சுமார் 110 கிலோ. பர்னாலியும் சூளகிரியும் விழுந்த உடனே மக்கள் பார்த்து எடுத்ததால் கிடைத்தவை.

காவிரி டெல்டாவில் யாரும் பார்க்காமல் விழுந்த கல்லைத் தேடி எடுப்பது அநேகமாக இயலாத காரியம். வண்டல் நிலத்தில் இயற்கையாகக் கல் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கான கருங்கல்லும் வெளியிலிருந்து வந்ததுதான். அந்த அளவில், வெறும் பனியைப் போலவே இங்கும் வேற்றுக்கல் எளிதில் தெரிய வேண்டும். ஆனால் சேறு கல்லை உள்வாங்கிக்கொள்கிறது. வெள்ளம் அதன்மேல் வண்டலைப் படியவைக்கிறது. பெரும்பாலான விண்கற்களில் இரும்பு, நிக்கல் கலந்த உலோகத் துகள்கள் உண்டு. குறுவை, சம்பா, தாளடி என்று மாதக்கணக்கில் நீர் நிற்கும் வயலில் அவை துருப்பிடித்துப் பருக்கும். கல் வெடித்து உதிர்ந்துவிடும். உறைபனியிலோ கற்கள் பல்லாயிரம் ஆண்டுகள் அழியாமல் கிடக்கின்றன.

அந்தப் பனிக்கும் இப்போது ஆபத்து வந்துவிட்டது. கரிய கல் வெயிலில் சூடாகி, அடிப்பனியை உருக்கி உள்ளே அமிழ்கிறது. புவி வெப்பமாதலால் ஆண்டுதோறும் சுமார் 5,000 கற்கள் இப்படிக் கண்ணிலிருந்து மறைவதாக 2024இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

ஆகவே விழும்போதே பார்த்து எடுக்கப்படும் ஒவ்வொரு கல்லும் மதிப்பு மிக்கது. வயலிலோ வாசலிலோ அப்படி ஒரு கல் விழுந்தால் கழுவ வேண்டாம், உடைக்க வேண்டாம், காந்தத்தை அருகே கொண்டுபோக வேண்டாம், கல்லில் பதிந்துள்ள பழைய காந்தத் தடயத்தை அது அழித்துவிடும். சுத்தமான உறையில் வைத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்து, வருவாய்த்துறை மூலம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் சேர்த்துவிடுங்கள். சூரியக் குடும்பம் பிறந்த காலத்தின் சாட்சியை, மழைக்கு முன் எடுத்துக் காப்பது நம் பொறுப்பு.