ஏறின கியரிலேயே இறங்கு! கொழுக்குமலை ஜீப் பாதை சொல்லும் பாடம்

'ஆவடி பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மகன் பிக்-அப் வண்டியில் ஜவ்வாது மலைக்குப் போய் சாமை, புளி ஏற்றி வருகிறான். போன வாரம் இறக்கத்தில் கருகல் வாடை வந்து, பிரேக் மிதி தரையைத் தொட்டுவிட்டதாம். எப்படியோ ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிறான். கோளாறு வண்டியிலா, ஓட்டியதிலா?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

பதில் தேடி கொழுக்குமலைக்குப் போனோம். தேனி மாவட்டத்தில் சுமார் 7,900 அடி உயரத்தில் உள்ள தேயிலைத் தோட்டம் அது. நம் பக்கம் குரங்கணியிலிருந்து நடைபாதைதான். வண்டியில் போக கேரளாவின் சூரியநெல்லி வழியாகச் சுற்ற வேண்டும். அங்கிருந்து பாறையும் பள்ளமுமான பாதை. உள்ளூர் ஜீப்கள்தான் ஏறும்.

இருட்டிலேயே கிளம்பினோம். ஏறும்போது டிரைவர் அவசரப்படவே இல்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் 'லோ' கியரில், நடக்கிற வேகம்தான். "வேகமா போனா கல்லு தூக்கிப் போடும். ஏத்தத்துல வண்டி நின்னுட்டா திருப்பப் பாக்கக் கூடாதுங்க. குறுக்கே திரும்பினா உருண்டுடும். ரிவர்ஸ் கியர் போட்டு நேரா பின்னால வரணும்" என்றார்.

உண்மையான பாடம் இறங்கும்போதுதான். "எந்தக் கியர்ல ஏறினோமோ, அதுலயே இறங்கணும். கிளட்ச்சை மிதிக்கக் கூடாது. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டா உசுருக்கு ஆபத்து" என்றார். சிறிய கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். மாறாக, பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் லைனர் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயிலும் கொதித்துவிட்டால், மிதி வெறுமனே கீழே போகும். வாசகியின் மகனுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

கருகல் வாடை வந்தால் உடனே சமமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்றினால் டிரம் விரிசல் விடலாம். மிதி கீழே போய்விட்டால் பதறாமல் பலமுறை வேகமாக மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். எதிரே ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழிவிட வேண்டும். சாலை விதியும் அதுதான்.

மண்பாதைக்கு டயரில் காற்றைக் குறைப்பார்கள். ஆவடி டாங்கி தொழிற்சாலையில் தயாராகும் டாங்கி சேற்றில் புதையாமல் போவது அகலமான சங்கிலிப் பட்டையால்தான். எடை பரவினால் மண் தாங்கும். காற்று குறைந்த டயரும் அப்படியே. ஆனால் பாரம் ஏற்றிய வண்டிக்கு இது கூடாது. தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி காற்று நிரப்ப வேண்டும்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உழவில் திரும்ப வசதியாக இரண்டு பிரேக்கையும் பிரித்து வைத்திருப்போம். சாலையில் ஏறும் முன் அவற்றைக் கொக்கி போட்டு இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து, டிராக்டர் கவிழும்.

அம்மா, உங்கள் மகனின் வண்டியை அடுத்த லோடுக்கு முன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். லைனர், பிரேக் ஆயில் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் தாமதமானாலும் பரவாயில்லை, ஏறின கியரிலேயே இறங்கி வரட்டும். புளி நாளைக்கும் விற்கும்.