உறக்கமும் தேர்வும்

தேர்வுக்கு முந்திய இரவு நன்கு உறங்கினால் போதும் என்று மாணவர்க்கு அறிவுரை கூறுவது வழக்கம். அது போதாது என்பதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்து, 2019-இல் வெளியான ஆய்வொன்று காட்டுகிறது.

வேதியியல் பயின்ற 88 மாணவர் ஒரு பருவம் முழுவதும் மணிக்கட்டில் கருவியணிந்திருக்க, அவர்தம் உறக்கம் அளக்கப்பட்டது. நீண்ட நேரம், நன்றாக, நாள்தோறும் ஒழுங்காக உறங்கியோரே பெரும்பாலும் மிகுந்த மதிப்பெண் பெற்றனர். தேர்வுக்கு முந்திய ஓர் இரவின் உறக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு காணப்படவில்லை. முந்திய வாரத்தின் உறக்கத்துக்கும் திங்களின் உறக்கத்துக்குமே தொடர்பு இருந்தது.

இவ்வாய்வு தொடர்பைக் காட்டுகிறதேயன்றி, உறக்கமே காரணமென்று நிறுவவில்லை. ஆயினும் பகலில் கற்றதை உறக்கத்தின்போது மூளை நிலைப்படுத்துகிறது என்பது பிற ஆய்வுகளால் அறியப்பட்டதே. ஆதலின் உறக்கத்தைப் பற்றி ஆசிரியர் அறிவுறுத்த வேண்டிய காலம் தேர்வுக்காலமன்று. பாடம் தொடங்கும் நாளே.