கார் பளபளக்கிறது, ரிப்பேர் சரியா?

கார் மோதிவிட்டது. நல்ல வேளையாக ஆளுக்குக் காயம் இல்லை. காரின் முன்பக்கம் மட்டும் நசுங்கிவிட்டது.

"இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, பயம் என்ன?" என்று வீட்டில் ஆறுதல் சொல்கிறார்கள்.

கார்க்காரர் கம்பெனிக்குப் போன் செய்கிறார். கம்பெனி ஓர் ஒர்க்ஷாப்பின் பெயரைச் சொல்கிறது. "காரை அங்கே விடுங்கள். பணத்தை நாங்களே கொடுத்துவிடுவோம்" என்கிறது.

சில வாரம் கழித்துக் கார் தயாராகிறது. புதிய பெயிண்டில் பளபளக்கிறது. ஒர்க்ஷாப்பில் ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். "வேலை எனக்குத் திருப்தி" என்று அதில் அச்சடித்திருக்கிறது. கார்க்காரர் கையெழுத்துப் போடுகிறார். காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

முதல் மழை பெய்கிறது. காருக்குள் தண்ணீர்!

நெடுஞ்சாலையில் போனால் கார் ஒரு பக்கமாக இழுக்கிறது. ஒரு டயர் மட்டும் ஓரத்தில் தேய்கிறது.

ஒர்க்ஷாப்பில் கேட்டால், "கம்பெனி சொன்ன வேலையைத்தான் செய்தோம்" என்கிறார்கள். கம்பெனியில் கேட்டால், "ஒர்க்ஷாப்பில் கேளுங்கள்" என்கிறார்கள். கார்க்காரர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்.

பணம் கொடுப்பவர் யார்?

இந்தச் சங்கடம் ஏன் வருகிறது?

விபத்து நடந்ததும் கம்பெனி ஒரு சர்வேயரை அனுப்புகிறது. இவர் நிலம் அளக்கும் சர்வேயர் அல்ல. சேதத்தை மதிப்பிடும் லைசென்ஸ் பெற்றவர். எந்தப் பாகத்தை மாற்றலாம், எதைத் தட்டி நிமிர்த்தினால் போதும், எவ்வளவு செலவாகும் என்று இவர் அறிக்கை கொடுக்கிறார்.

அந்தக் கணக்குப்படி ஒர்க்ஷாப்புக்குக் கம்பெனி பணம் கொடுக்கிறது. பணம் கொடுப்பவரின் முகத்தைத்தானே வேலை செய்பவர் பார்ப்பார்! காரில் குடும்பத்தோடு போகிறவர் மூன்றாம் மனிதராகிவிடுகிறார்.

இந்தியாவில் விற்கப்படும் கார் பாலிசியில் ஒரு வரி உண்டு. சேதமான காரைக் கம்பெனி ரிப்பேர் செய்து தரலாம், பாகத்தை மாற்றித் தரலாம், அல்லது பணமாகக் கொடுத்துவிடலாம். எதைச் செய்வது என்பது கம்பெனியின் விருப்பம். ரிப்பேர் என்று முடிவு செய்து, ஒர்க்ஷாப்பையும் காட்டிவிட்டு, வேலை கெட்டதும் கையைக் கழுவுவது நியாயம் ஆகாது.

கம்பெனி காட்டும் ஒர்க்ஷாப்புக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கம்பெனிக்குத் தெரிவித்து, சர்வேயர் பார்த்தபின், நம்பிக்கையான இடத்தில் வேலை செய்துகொள்ளலாம். பில்லைக் கொடுத்துப் பணத்தைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம். கையில் பணம் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

இது மோசடி அல்ல

"பணம் கட்ட வேண்டாம் என்றீர்களே, இப்போது கேட்கிறீர்களே!" என்று ஒர்க்ஷாப்பில் பலர் சண்டை போடுவது உண்டு. சாதாரணப் பாலிசியில் தேய்மானம் என்று ஒரு பிடித்தம் இருக்கிறது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பாட்டரி ஆகியவற்றின் விலையில் பாதியைக் கார்க்காரர் ஏற்க வேண்டும். கண்ணாடிக்குப் பிடித்தம் இல்லை. உலோகப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பார்ப்பார்கள். 6 மாதம் வரை பிடித்தம் இல்லை. 10 வருடத்துக்கு மேல் 50 சதவீதம். தேய்மானப் பிடித்தம் இல்லாத பாலிசியும் உண்டு. அதற்குப் பிரீமியம் அதிகம்.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள்

காரை இருட்டிய பிறகு எடுக்கப் போகக் கூடாது. பெயிண்டின் நிற வித்தியாசம் விளக்கு வெளிச்சத்தில் தெரியாது. வெயிலில் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், புதுக் கதவும் பழைய கதவும் வேறு வேறு நிறமாக இருப்பது கண்ணில் படும்.

பானெட்டுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இருபுறமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் விரல் நுழைந்து, மறு பக்கம் நகம் கூட நுழையவில்லை என்றால், உள்ளே ஏதோ கோணலாக இருக்கிறது. கதவை ஓங்கி அடித்தால்தான் மூடுகிறது என்றாலும் அப்படியே.

நெளிந்த தகட்டைச் சரியாக நிமிர்த்தாமல், பள்ளத்தில் பட்டியை அப்பி, மேலே பெயிண்ட் அடித்துவிடுவது பழைய தந்திரம். சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டில் வைத்துப் பாருங்கள். மற்ற இடத்தில் ஒட்டுகிற காந்தம் அங்கே மட்டும் நழுவினால், பட்டி கனமாக இருக்கிறது. (பம்பரில் வைத்துப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்தக் காலத்துப் பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக்!)

உயிரைக் காக்கும் சங்கதி இன்னொன்று. சாவியைப் போட்டதும், காற்றுப்பைக்கு உரிய விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தாலும் கோளாறு. எரியவே இல்லை என்றாலும் கோளாறு. அடுத்த விபத்தில் பை விரியாமல் போகலாம்.

முன் சக்கரப் பக்கம் அடிபட்டிருந்தால், சக்கரங்களின் நேர்மையைச் சோதித்த அச்சுத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களையும் காட்டச் சொல்ல வேண்டும். புதிதாக மாட்டியதாகப் பில்லில் இருக்கும். பழையது அப்படியே காரில் இருக்கும்!

பிறகு, ஒர்க்ஷாப் ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும். குறை இருந்தால், அந்தத் திருப்திச் சீட்டிலேயே குறையை எழுதிக் கையெழுத்துப் போடலாம். அதன் நகலைக் கேட்டு வாங்கலாம்.

முன்பே கையெழுத்துப் போட்டிருந்தால்?

மனம் தளர வேண்டாம். இன்ஷூரன்ஸ் பணத்தைப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுக்கும் சீட்டைப் பற்றி 1999-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு அளித்தது. கையெழுத்துப் போட்ட ஒரே காரணத்தால் உரிமை போய்விடாது. ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கிய கையெழுத்து என்று காட்டினால் வழக்கைக் கேட்கலாம் என்றது. அப்படிப்பட்ட சீட்டைக் காட்டி, கோர்ட்டுக்குப் போகிறவர்களைத் தடுக்கக் கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும் 2015-ல் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. திருப்திச் சீட்டில் கையெழுத்துப் போட்ட கார்க்காரரும் இதே வாதத்தை எடுத்து வைக்கலாம்.

ஆனால் ஒன்று. கோபத்தில் காரை உடனே வேறு ஒர்க்ஷாப்பில் விட்டுச் சரி செய்துவிடக் கூடாது. சாட்சியே அழிந்துவிடும். முதலில் போட்டோ எடுக்க வேண்டும். தொடர்பில்லாத ஒரு மோட்டார் நிபுணரிடம் குறைகளை எழுதி வாங்க வேண்டும். கம்பெனிக்கும் ஒர்க்ஷாப்புக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, வந்து பார்க்கும்படி நாள் கொடுக்க வேண்டும். போனில் கத்துவதால் பயன் இல்லை. அதற்கு ரசீது கிடைக்காது.

கம்பெனி மறுத்தாலும், ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலும், இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் முறையிடலாம். சென்னையிலும் இவருக்கு அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவை இல்லை. ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இவர் கம்பெனியைத்தான் விசாரிப்பார், ஒர்க்ஷாப்பை அல்ல.

இரண்டு பேரையும் ஒன்றாகக் கூண்டில் நிறுத்த வேண்டுமானால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, கம்பெனியின் தலைமை அலுவலகம் பம்பாயில் இருந்தாலும், கார்க்காரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கட்டிய தொகை 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. சாதாரணக் குடும்பக் காரின் பிரீமியம் இதற்குள் அடங்கிவிடும்.