சுவிட்சுக்குள் ஒரு பொறி

ஓடும் மின்விசிறியை நிறுத்தும்போது சில சமயம் சுவிட்சுக்குள் தீப்பொறி மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரத்தை நிறுத்தும்போது பொறி எப்படி வருகிறது?

1831-இல் மைக்கேல் பாரடே செய்த சோதனை இதை விளக்கும். ஓர் இரும்பு வளையத்தில் இரு கம்பிச்சுருள்களைத் தனித்தனியே சுற்றினார். ஒன்றை மின்கல அடுக்குடன் இணைத்தார். மற்றதன் கம்பியருகே காந்த ஊசியை வைத்தார். இணைத்த கணத்தில் ஊசி அசைந்து, மீண்டும் நிலைக்கு வந்தது. துண்டித்த கணத்தில் எதிர்ப்பக்கம் அசைந்தது. இடையில், மின்னோட்டம் சீராக ஓடியபோது, அது அசையவே இல்லை! காந்தப்புலம் இருந்தால் மட்டும் போதாது, அது மாறவேண்டும். அப்போதுதான் சுருளில் மின்னோட்டம் தூண்டப்படும். இதுவே மின்காந்தத் தூண்டல்.

ஒரே சுருளிலும் இது நிகழும். அதன் மின்னோட்டம் மாறினால் அதன் காந்தப்புலமும் மாறும். அம்மாற்றத்தை எதிர்க்கும் மின்னழுத்தம் சுருளிலேயே எழும். இதைத் தன்மின்தூண்டல் என்பர். விசிறிச் சுருளின் மின்னோட்டம் சட்டென்று அறுபடும்போது எழும் உயர்ந்த மின்னழுத்தம், சுவிட்சின் சிறு இடைவெளியைத் தாண்டிப் பாய்கிறது. அதுவே நீங்கள் கண்ட பொறி.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைப்பதும் இத்தகைய பொறிதான். ஆகவே, வீட்டில் சமையல் வாயு கசிந்தால் எந்தச் சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் வேண்டாம். கதவு, சன்னல்களைத் திறந்து வையுங்கள்.