பாதி அழுத்தம்

சாலவாக்கம் பக்கத்து நேயர்களே, உங்கள் வீட்டு பீரோவில் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று தூங்குகிறதா? சட்டைப்பையில் அடங்குகிற அந்தக் குட்டிப் பெட்டிக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு, உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு ஒரு நடை போய்வாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, 1100 ஆண்டுகளாக அங்கே சுவரில் நிற்கிறது.

அங்கே அதைப் படமெடுக்க அனுமதி கேட்டுக்கொண்டு, முதலில் மின்னல் குறி போட்ட பொத்தானை அழுத்தி ஃபிளாஷை அணையுங்கள். நேருக்கு நேர் வெளிச்சம் பாய்ந்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழாது. கல் தெரியும், எழுத்து தெரியாது. பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெயில்தான் வேண்டும். அடுத்து, பூப்படம் போட்ட குறி. அது பூவுக்கு மட்டும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன்! கிட்டப் போய் எதை எடுத்தாலும் அதுதான்.

ஷட்டர் பொத்தானுக்கு இரண்டு படி உண்டு. பாதி அழுத்தினால் கேமரா குறி பார்க்கும். பெரும்பாலான கேமராக்களில் திரையில் பச்சைக் கட்டம் தோன்றும். அப்புறம்தான் முழு அழுத்தம். ஒரே குத்தாகக் குத்தினால் படம் கலங்கிவிடும். அந்தப் பொத்தானைச் சுற்றியிருக்கும் ஜூம் வளையத்தை விட்டுவிடுங்கள். ஓர் எட்டு முன்னால் வைத்தால் போதும்.

கை நடுங்குமா? 2 விநாடி டைமரை வைத்துவிட்டு, கேமராவை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கயிறு மணிக்கட்டில் இருக்கட்டும், கீழே கருங்கல் தரை.