துப்புரவாளருக்கு நன்றி சொன்னால் போதுமா? நகர மன்றம், குத்தகை, சம்பளம்: ஒரு விளக்கம்

வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்களுக்கு இந்தப் பதில் மனப்பாடமே ஆகியிருக்கும். காணொளியில் ஒரு மூத்த துப்புரவாளர் வருவார். மாணவர் சொல்வார்: "நாம் அவர்களை மதிக்க வேண்டும், தட்டுகளைத் திருப்பி வைக்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும்." நல்ல பதில்தான், தப்பே இல்லை. அடுத்த கேள்வியில்தான் சிக்கல். "அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? அதை உயர்த்த வேண்டுமென்றால் யாரிடம் கேட்க வேண்டும்?" பலரும் "அரசாங்கம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நகர மன்றம், வாரியம், குத்தகை நிறுவனம், தொழிற்சங்கம், மாதாமாதம் கட்டணம் கட்டும் நம் வீடு என்று நிறைய பேர் இருக்கிறார்கள். கட்டுரை எழுதும் மாணவருக்கும் கற்பிக்கும் ஆசிரியருக்கும் உதவும் என்று, அதை இங்கே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஒரே தெரு, பல பொறுப்பு

லிட்டில் இந்தியாவில் பஃபலோ சாலையை எடுத்துக்கொள்வோம். பூமாலைக் கடையும் காய்கறிக் கடையும் உள்ள சாலை. பொதுச் சாலையையும் பொதுக் கால்வாயையும் சுத்தமாக வைத்திருப்பது தேசிய சுற்றுப்புற வாரியத்தின் பொறுப்பு. நாலடி தள்ளி நிற்கும் வீவக புளோக்கின் கீழ்த்தளம், படிக்கட்டு, மின்தூக்கி எல்லாம் அந்தத் தொகுதியின் நகர மன்றத்துக்கு உரியவை. கடையின் உள்ளே கடைக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும். சிராங்கூன் சாலைக்கு வந்து ஒரு கோயிலுக்குள் நுழைந்தால், அங்கே கோயில் நிர்வாகம்.

முன்பு இது இன்னும் சிதறிக் கிடந்தது. சாலை ஓர் அமைப்பு, பூங்கா ஓர் அமைப்பு, கால்வாய் ஓர் அமைப்பு என்று இருந்ததை ஒன்றாக்கத்தான் 2012ல் சுற்றுப்புற வாரியத்தின்கீழ் பொதுத் துப்புரவுக்கென ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. ஆனால் துடைப்பத்தைக் கையில் பிடித்திருப்பவர் பெரும்பாலும் வாரியத்தின் ஊழியரும் இல்லை, நகர மன்றத்தின் ஊழியரும் இல்லை. குத்தகை எடுத்த தனியார் நிறுவனத்தின் ஆள். "கவர்மெண்ட் வேலை" என்று நாம் நினைப்பது, பல இடங்களில் கவர்மெண்ட் கொடுத்த குத்தகை வேலை.

நகர மன்றம் என்றால் என்ன?

1986ல் அங் மோ கியோவில் சோதனை முறையில் தொடங்கியது நகர மன்றம். 1988ல் நகர மன்றச் சட்டம் வந்தது. அதற்கு முன் வீவகவே எல்லா வட்டாரங்களையும் பராமரித்தது. சட்டத்தின் நோக்கம், வட்டாரப் பராமரிப்பை அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் ஒப்படைப்பது. நன்றாகப் பார்த்துக்கொண்டார்களா என்று குடியிருப்பாளர்கள் அடுத்த தேர்தலில் சொல்வார்கள்.

பணம் முக்கியமாக இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, வீடுகளும் கடைகளும் மாதந்தோறும் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம். இன்னொன்று, அரசாங்க மானியம். அதில் ஒரு பகுதியை மின்தூக்கி மாற்றுவது, சாயம் பூசுவது போன்ற நீண்டகால வேலைகளுக்காக ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது சட்டம். மீதியில்தான் துப்புரவு, மின்சாரம், பழுதுபார்ப்பு எல்லாம்.

நகர மன்றத்தில் நேரடி ஊழியர்கள் குறைவாகவே இருப்பார்கள். பல நகர மன்றங்கள் அன்றாட நிர்வாகத்தையே 'நிர்வாக முகவர்' எனப்படும் நிறுவனத்திடம் கொடுக்கின்றன. சில, தாங்களே ஆளெடுத்து நடத்துகின்றன. நிர்வாக முகவர் இருந்தால் குத்தகைக்கு மேல் குத்தகை என்று ஆகிவிடும். மேற்பார்வை ஒரு நிறுவனம், துப்புரவு இன்னொரு நிறுவனம்.

முனிசிபல் காலத்தில்

நம் சமூகத்துக்கு இந்த வரலாறு தூரத்துக் கதை இல்லை. பிரிட்டிஷ் காலத்தில் சாலை போட, கால்வாய் சுத்தம் செய்ய, குப்பை அள்ள நகராண்மை நேரடியாகவே ஆள் வைத்திருந்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் நிறைய பேர். நகராண்மை 1951ல் மாநகர மன்றமானது. 1959ல் சுயாட்சி வந்தபோது அதன் பணிகள் அரசாங்கத்திடம் சென்றன. துப்புரவுத் தொழிலாளர்கள் அரசாங்கத்தின் நாள்சம்பள ஊழியர்கள் ஆனார்கள்.

1967 பிப்ரவரி 1ஆம் தேதி சுமார் 2,400 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது சட்டவிரோதமானது என்றது அரசாங்கம். அவர்களுடைய கூட்டமைப்பின் தலைவர் கே. சுப்பையாவும் மற்றத் தலைவர்களும் கைதானார்கள். வேலைநிறுத்தம் செய்தவர்கள் தாங்களே வேலையை இழந்துவிட்டதாகவும், விரும்புவோர் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. பெரும்பாலோர் விண்ணப்பித்தார்கள். அடுத்த ஆண்டே வேலைவாய்ப்புச் சட்டம் வந்தது. அந்த நடவடிக்கை நாட்டின் பொருளாதாரத்துக்குத் தேவைதான் என்பவர்களும் உண்டு, தொழிலாளியின் குரல் அங்கேதான் தணிந்தது என்பவர்களும் உண்டு. நம் தலைப்புக்கு ஒரு விவரம் போதும்: அன்று தொழிலாளிக்குத் தன் முதலாளி யார் என்று தெரியும், அது அரசாங்கம். குத்தகை முறை வந்த பிறகு அது அவ்வளவு தெளிவாக இல்லை.

குறைந்த விலைக்காரருக்கே குத்தகை என்றால்?

குத்தகைக்கு விடுவதில் நியாயமான காரணங்கள் உண்டு. இயந்திரங்களை வாங்கிப் பராமரிக்கும் வேலை நிறுவனத்துடையது. சரியாகச் செய்யாத நிறுவனத்தை மாற்றலாம். போட்டி இருந்தால் பொதுப்பணம் மிச்சமாகும். பிரச்சினை எங்கே வருகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம்.

ஒரு வட்டாரத்துக்கு 10 துப்புரவாளர் தேவை. ஒருவருக்கு மாதம் 1,000 வெள்ளி. சம்பளம் 10,000, சோப்பு, இயந்திரம், மற்றச் செலவு 4,000. ஆக மொத்தம் 14,000 வெள்ளி. போட்டி நிறுவனம் 13,000 வெள்ளிக்கு ஏலக்குத்தகை கேட்கிறது. எப்படி முடியும்? சோப்பு விலை எல்லோருக்கும் ஒன்றுதான். ஒன்று, சம்பளத்தை 900 ஆக்க வேண்டும். இல்லையென்றால் 10 பேர் வேலையை 9 பேர் செய்ய வேண்டும். அடிமாட்டு விலைக்குக் குத்தகை கேட்டால், அந்த வித்தியாசம் கடைசியில் துடைப்பம் பிடித்தவர் தலையில்தான் விழும்.

இன்னொன்றும் நடந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குத்தகை முடியும். புதிய நிறுவனம் வரும். ஆனால் அதே புளோக்கில் அதே ஆன்ட்டிதான் கூட்டுவார். புதிய சட்டை, புதிய நிறுவனத்தின் பெயர், மறுபடியும் தொடக்கச் சம்பளம். பத்து வருட அனுபவம் அவர் சம்பளத்தில் தெரியாது.

2014க்குப் பிறகு

இதைத் தடுக்க வந்ததுதான் படிப்படியான சம்பள உயர்வு முறை. தொழிற்சங்கம், முதலாளிகள், அரசாங்கம் மூன்று தரப்பும் சேர்ந்து வகுத்தது. 2014 செப்டம்பர் முதல் துப்புரவு நிறுவனம் உரிமம் பெற வேண்டுமானால் இந்தச் சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அப்போது பொதுத் துப்புரவாளரின் அடிப்படைச் சம்பளம் 1,000 வெள்ளி. அலுவலகம், கடைத்தொகுதி போன்ற இடங்களில் வேலை செய்பவருக்கு 2023 ஜூலையில் அது 1,570 வெள்ளி ஆனது. 2028ல் 2,420 வெள்ளியாக உயர வேண்டும் என்பது அட்டவணை. பயிற்சி பெற்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

மேலே போட்ட கணக்கில் இது என்ன செய்கிறது? சம்பளத்தை 900 ஆக்கும் வழி அடைபட்டுவிட்டது. எல்லா நிறுவனங்களும் ஒரே அடிப்படையிலிருந்துதான் போட்டியிட முடியும். இது பெரிய முன்னேற்றம். ஆனால் 10 பேர் வேலையை 9 பேர் செய்யும் வழி இன்னும் திறந்தே இருக்கிறது. இயந்திரம் வந்து ஆள் குறைந்தால் நல்லது. இயந்திரமும் வராமல் ஆள் மட்டும் குறைந்தால் என்ன ஆகும்?

மாணவர்கள் அடிக்கடி விட்டுவிடும் இன்னொரு விவரம்: இந்தச் சம்பள அட்டவணை சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வேலை அனுமதிச் சீட்டில் வந்தவருக்கு இந்த அடிப்படைச் சம்பளம் பொருந்தாது. அவர் சம்பளம் அவருடைய ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்பவர்களில், வாரம் முழுக்க நம் புளோக்கைக் கழுவிய அண்ணனும் இருக்கலாம்.

சம்பளம் உயர்ந்தால் குத்தகை விலையும் உயரும். 2023 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் மக்கள் செயல் கட்சியின் நகர மன்றங்கள் சேவை, பராமரிப்புக் கட்டணத்தை இரண்டு கட்டமாக உயர்த்தியபோது, கூடிவரும் செலவுகளைக் காரணமாகக் காட்டின. "துப்புரவாளருக்குச் சம்பளம் உயர வேண்டும்" என்று கட்டுரையில் எழுதும் மாணவர், "அதற்கு என் வீடும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டத் தயாரா?" என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

யார் கணக்குப் பார்ப்பது?

நிர்வாகத்தையே வெளியே கொடுத்தால், பில்லைச் சரிபார்ப்பது யார்? இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2011ல் அல்ஜுனிட் குழுத்தொகுதியைப் பாட்டாளிக் கட்சி வென்றது. அதன் பிறகு எஃப்எம்எஸ்எஸ் என்ற நிறுவனம் ஏலக்குத்தகை இல்லாமல் நிர்வாக முகவராக நியமிக்கப்பட்டது. அந்த நிறுவனத்தின் உரிமையாளர்கள் நகர மன்றத்திலும் பொறுப்பு வகித்தார்கள். பணம் கேட்கும் பக்கமும் பணம் கொடுக்கும் பக்கமும் ஒரே ஆட்களா என்ற கேள்வி எழுந்தது. 2019ல் உயர் நீதிமன்றம் நகர மன்ற உறுப்பினர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2022 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதில் பெரும்பகுதியை மாற்றியது. முதல் நியமனத்தில் அவர்கள் நல்லெண்ணத்துடன் நடந்துகொண்டார்கள் என்றது. ஆனால் பணம் வழங்கும் முறையில் போதிய கட்டுப்பாடு இல்லாததைக் கவனக்குறைவு என்றது. 2024ல் சமரசத்தில் வழக்கு முடிந்தது.

ஒரு கட்சிக்கு மட்டும் உரிய கேள்வி இல்லை இது. மக்கள் செயல் கட்சியின் நகர மன்றங்கள் 2010ல் தங்கள் கணினி மென்பொருளை அந்தக் கட்சிக்கே சொந்தமான ஒரு நிறுவனத்திடம் விற்றது பின்னர் பெரிய விவாதமானது. 2013ல் தேசிய வளர்ச்சி அமைச்சின் மறுஆய்வு, விதிமீறல் இல்லை என்றது. 2017ல் சட்டம் திருத்தப்பட்டு அமைச்சின் கண்காணிப்பு அதிகாரம் கூடியது.

நகர மன்றங்களுக்கு அமைச்சு தரும் மதிப்பீட்டு அறிக்கையில் வட்டாரத் தூய்மை, பராமரிப்பு, மின்தூக்கி, கட்டண நிலுவை, நிர்வாக ஒழுங்கு என்று ஐந்து அம்சங்கள் பார்க்கப்படுகின்றன. தரை சுத்தமாக இருக்கிறதா என்பதற்கு மதிப்பெண் உண்டு. அதைச் சுத்தம் செய்தவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதற்கு அங்கே தனிக் கட்டம் இல்லை.

சென்னையைப் பார்த்தால்

ஒப்பிட்டு எழுத விரும்பும் மாணவர்களுக்குச் சென்னை நல்ல உதாரணம். சென்னை மாநகராட்சி 2000லேயே சில மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியை ஒனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் கொடுத்தது. 2025ல் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணி தனியாரிடம் போனபோது, அங்கே பல வருடம் வேலை பார்த்தவர்கள் ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தார்கள். கைக்கு வரும் சம்பளம் குறைந்துவிடும், பணி நிரந்தரம் கனவாகிவிடும் என்பது அவர்களின் அச்சம். 13ஆம் நாள் இரவு, உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அங்கே 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயர் மாறி இப்போது 'தூய்மைப் பணியாளர்' என்கிறார்கள். மரியாதையான பெயர்தான். ஆனால் ரிப்பன் மாளிகை முன் அவர்கள் கேட்டது பெயர் இல்லை, பணிப் பாதுகாப்பு.

தேர்வில் எப்படிச் சொல்வது?

மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். வேலைக்குப் பொறுப்பு யார்? சம்பளம் கொடுப்பது யார்? அந்தப் பணம் யாருடையது? வாய்மொழித் தேர்வில் இப்படிச் சொல்லலாம்:

"எங்கள் புளோக்கைக் கூட்டும் ஆன்ட்டி ஒரு குத்தகை நிறுவனத்தில் வேலை செய்கிறார். குத்தகையைக் கொடுப்பது நகர மன்றம். நகர மன்றத்துக்கு நாங்களும் மாதக் கட்டணம் கட்டுகிறோம். அதனால், குத்தகை கொடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், எத்தனை பேர் வேலை செய்வார்கள், அவர்களுக்கு ஓய்வு இடம் இருக்கிறதா என்றும் நகர மன்றம் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதற்காகக் கட்டணம் சிறிது உயர்ந்தாலும் நியாயம்தான். ஆனால் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உதவி வேண்டும்."

இந்தப் பதிலில் பெரிய சொல் எதுவும் இல்லை. ஆனால் யார் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது. இதே கருத்தோடு உடன்பட வேண்டியதில்லை. "கட்டணத்தை உயர்த்தாமல் இயந்திரங்களைக் கொண்டுவரலாம்" என்று வாதாடினாலும் நல்ல பதிலே.

வகுப்பில் செய்ய ஒரு வேலை: மாணவர்கள் தங்கள் நகர மன்றத்தின் ஆண்டறிக்கையை இணையத்தில் தேடி, துப்புரவுக்கு எவ்வளவு செலவானது என்று ஒரே ஓர் எண்ணைக் கண்டுபிடித்து வரட்டும். அதை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்து, "என் வீட்டின் பங்கு எவ்வளவு?" என்று பார்க்கட்டும். பிறகு, தங்கள் புளோக்கைக் கூட்டுபவரின் சட்டையில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்றும் பார்த்து வரட்டும். அவரிடம் பேச்சுக் கொடுக்க முடிந்தால், அவர் பெயரையும் கேட்டு வரட்டும்.