முஷ்டியை மடக்கிக்கொண்டு கதவைத் திறக்க முடியுமா?

ஒரு சின்ன சோதனை. விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக்கொண்டு உங்கள் வீட்டு அறைக் கதவைத் திறந்து பாருங்கள். கீழே அழுத்தும் நீளக் கைப்பிடி என்றால் திறந்துவிடும். உருண்டைக் குமிழ் என்றால் வழுக்கும். மூட்டுவாதத்தால் விரல்கள் இறுகிப்போன பாட்டிக்கு தினமும் இதே சோதனைதான்.

அமெரிக்காவில் 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் கைப்பிடியையும் விட்டுவைக்கவில்லை. ஒரே கையால் இயக்க முடிய வேண்டும். இறுக்கிப் பிடிக்கவோ, கிள்ளிப் பிடிக்கவோ, மணிக்கட்டைத் திருகவோ தேவைப்படக் கூடாது. தரையிலிருந்து 34 முதல் 48 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும். இவை 2010-ம் ஆண்டு வகுத்த விதிகள். தானாக மூடும் கதவுக்கும் கணக்கு உண்டு. 90 டிகிரி திறந்த கதவு 12 டிகிரிக்கு வர குறைந்தது 5 விநாடி ஆக வேண்டும். ஊன்றுகோலோடு வருபவர் கடக்க வேண்டாமா?

பித்தளைக் குமிழை என்ன செய்வது?

புதுக் கட்டடத்தில் இதெல்லாம் சுலபம். நூறு வருடப் பழைய நீதிமன்றத்திலோ நூலகத்திலோ, வேலைப்பாடு மிக்க பித்தளைக் குமிழும் வரலாற்றின் ஒரு பகுதி. புதுப்பிக்கும்போது அதைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. குமிழின் மேலேயே நீளக் கைப்பிடியைப் பொருத்தும் துணைக்கருவிகள் இருக்கின்றன. கனமான மரக்கதவு என்றால், பட்டனை அழுத்தினால் திறக்கும் மோட்டார் வைக்கலாம். சக்கர நாற்காலிக்கு 32 அங்குல வழி வேண்டும். கொஞ்சம்தான் குறைகிறது என்றால் நிலையை இடிக்காமல் கீலை மட்டும் மாற்றலாம். திறந்த கதவு வழியை விட்டு முழுதாக விலகி நிற்க, அதன் தடிமன் அளவுக்கு இடம் கிடைத்துவிடும்.

மாற்றினால் கட்டடத்தின் வரலாற்று மதிப்பே அழியும் என்று உரிய அதிகாரி முடிவு செய்தால், சில விதிகளில் தளர்வு உண்டு. அப்போதும் மக்களுக்கு மாற்று வழி செய்து தர வேண்டும்.

நம் நாட்டில்?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடங்கள் எல்லோரும் புழங்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. இதற்குக் கட்டாய விதிகளை வகுக்கும்படி 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது.

வாசலில் சாய்தளம் கட்டியதோடு வேலை முடிந்துவிடாது. அதில் ஏறி வருபவரால் கதவைத் திறக்க முடிய வேண்டும். அடுத்த முறை பழைய அரசு அலுவலகத்துக்குப் போனால், முஷ்டியை மடக்கிப் பாருங்கள்!